நிற்காமல் மாறுவதா, தொலைக்காமல் மாறுவதா?

இணையதளத்தை ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது தளம் ஒரு நொடிகூட நிற்காது. இன்றைக்கு ஹோஸ்டிங் விற்கும் பலரும் தரும் வாக்குறுதி இது. ‘ஜீரோ டவுன்டைம்’ என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்கள். மாற்றித் தரும் வேலையும் பல இடங்களில் இலவசம். இதைச் சோதித்துப் பார்க்க மண்ணூர்பேட்டை பொருத்தமான இடம். அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய இந்தப் பகுதியில் லேத் பட்டறை, சிஎன்சி யூனிட், ஸ்பிரிங், கேஸ்கட், டை செய்கிறவர்கள் என்று சிறுதொழில் நிறைந்திருக்கிறது. இவர்களில் பலருக்கு ஐந்தாறு பக்கத்தில் ஓர் இணையதளம் உண்டு. மெஷின்களின் படம், ஐஎஸ்ஓ சான்றிதழ், என்கொயரி அனுப்ப ஒரு படிவம். ஒரகடத்திலோ புனேயிலோ இருக்கும் பர்சேஸ் அதிகாரி புதிய சப்ளையரைத் தேடும்போது முதலில் பார்ப்பது அதைத்தான்.

இதே பேட்டைக்குள் இப்போது பெரிய டேட்டா சென்டர்கள் வந்துவிட்டன. ரிலையன்ஸ், புரூக்ஃபீல்டு, டிஜிட்டல் ரியால்டி மூன்றும் சேர்ந்த டிஜிட்டல் கனெக்‌ஷன் நிறுவனம் 10 ஏக்கரில் 100 மெகாவாட் வளாகம் ஒன்றைத் திட்டமிட்டு, 20 மெகாவாட் கொண்ட முதல் கட்டடத்தை 2024-ல் திறந்தது. என்டிடியின் வளாகமும் அம்பத்தூரில் இருக்கிறது. அப்படியிருந்தும் பக்கத்துத் தெருப் பட்டறையின் தளம், முதல் வருடம் மலிவாகக் கிடைத்தது என்பதற்காக, அமெரிக்காவில் ஏதோ ஒரு வாடகை சர்வரில் இருக்கக்கூடும். சென்னையிலிருந்து அமெரிக்காவுக்குத் தகவல் போய்த் திரும்பக் கால் நொடி ஆகும். மும்பைக்கு அதில் எட்டில் ஒரு பங்கு போதும். ஒரு பக்கம் முழுதாகத் திறக்க இப்படிப் பல முறை போய்வர வேண்டும் என்பதால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். புதுப்பிக்கும்போது கட்டணமும் இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடுகிறது. ஆக, மாற நினைப்பதில் நியாயம் இருக்கிறது. எப்படி மாறுவது, எந்த அளவுகோலை வைத்து அந்த வேலையை மதிப்பிடுவது என்பதில்தான் எனக்கு விளம்பரங்களோடு வழக்கு.

முதலில் அந்த வாக்குறுதிக்கு உரிய மதிப்பைத் தந்துவிடலாம். அது பொய்யில்லை. இணையதளத்தின் பெயரை சர்வரின் எண் முகவரியோடு இணைப்பது டிஎன்எஸ். பால் மொகபெட்ரிஸ் வகுத்து, 1987 நவம்பரில் இன்றைய வடிவத்தில் வெளியான ஏற்பாடு அது. ஒவ்வொரு பதிவிலும், இந்த விடையை இத்தனை நொடிகள் வரை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கெடு இருக்கும். அதுதான் டிடிஎல். கெடு 86,400 நொடி என்றிருந்தால், உங்கள் பதிவை நேற்றுக் கேட்டு வைத்துக்கொண்ட இன்டர்நெட் நிறுவனம் இன்று வரை பழைய சர்வருக்கே ஆளை அனுப்பும். மாற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே அந்தக் கெடுவை 300-க்குக் குறைத்து வைத்துவிட்டால், மாற்றிய ஐந்து பத்து நிமிடத்தில் பெரும்பாலோர் புதிய இடத்துக்கு வந்துவிடுவார்கள். அதற்குள் புதிய சர்வரில் தளத்தின் முழு நகலும் தயாராக இருந்தால், பழையதற்குப் போகிறவரும் பார்ப்பார், புதியதற்கு வருகிறவரும் பார்ப்பார். இடையில் நிற்க வேண்டிய தேவையே இல்லை. நகல் சரியாக இருக்கிறதா என்பதையும், உங்கள் கணினியில் உள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி சேர்த்து, ஊருக்கு மாற்றும் முன் நீங்கள் மட்டும் திறந்து பார்த்துவிடலாம்.

ஆகவே, டிஎன்எஸ் பரவ 24 மணி முதல் 48 மணி நேரம் ஆகும், அதுவரை தளம் வந்தும் வராமலும்தான் இருக்கும் என்று சொல்கிற டெவலப்பரின் சமாதானத்தை நான் ஏற்பதில்லை. அந்த 48 மணிக்கு ஒரு மூலம் உண்டு. டாட் காம் பெயர்களுக்கு எந்த நேம்சர்வர் பொறுப்பு என்று மேலிடத்தில் இருக்கும் பதிவின் கெடு 1,72,800 நொடி, அதாவது இரண்டு நாள். நேம்சர்வரையே மாற்றினால் அந்தக் கணக்கு பொருந்தும். சர்வர் முகவரியை மட்டும் மாற்றினால் பொருந்தாது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றுகிறவர் தேவையில்லாத ஆபத்தைத் தானே வரவழைத்துக்கொள்கிறார்.

இதுவரை சொன்னது, பார்ப்பதற்கு மட்டுமே இருக்கும் தளத்துக்குப் பொருந்தும். அதில் யாராவது எதையாவது எழுதத் தொடங்கினால் கணக்கு மாறுகிறது. ஆர்டர், முன்பதிவு, கட்டணம், கணக்கு எதுவாக இருந்தாலும் சரி. நகல் எடுத்த நேரம் இரவு 11 மணி, முகவரி மாற்றிய நேரம் 11.30, கடைசி ஆள் புதிய இடத்துக்கு வந்த நேரம் மறுநாள் காலை என்று வைத்துக்கொள்வோம். அந்த இடைவெளியில் வந்த ஆர்டர்களில் சில பழைய டேட்டாபேஸில் இருக்கும், சில புதியதில் இருக்கும். இரண்டிலும் அடுத்த ஆர்டருக்கு ஒரே வரிசை எண் விழுந்திருக்கும். தளம் ஒரு நொடிகூட நிற்கவில்லை, வாக்குறுதி அப்பழுக்கில்லாமல் நிறைவேறியிருக்கிறது. வாடிக்கையாளர் பணம் கட்டிய ஆர்டரோ, வாரக்கடைசியில் மூடப்படவிருக்கும் பழைய சர்வருக்குள் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது.

இந்தச் சிக்கலை உலகின் மிகப் பெரிய தளங்களில் ஒன்று எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பது பயன் தரும். அது தமிழர்களும் அன்றாடம் எழுதும் தளம். விக்கிமீடியா அறக்கட்டளை 2016 முதல், தன் எல்லா விக்கிகளையும் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கும் டேட்டா சென்டரிலிருந்து டெக்சாஸில் இருப்பதற்கு மாற்றிப் பார்க்கும் ஒத்திகையை நடத்திவருகிறது. 2023 முதல் இது ஆண்டுக்கு இரண்டு தடவை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் நடக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் தொகுப்பவர்களுக்கு அந்த அறிவிப்பு பழக்கமானது. இன்ன நாளில், இன்ன நேரத்தில், சிறிது நேரம் யாரும் தொகுக்க முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். படிப்பவருக்கு எதுவும் தெரியாது, கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கும். எழுதுவது மட்டும் நிறுத்தப்படும். அந்த இடைவெளியில் புதிய பக்கத்து டேட்டாபேஸ் கடைசி வரி வரை பழையதோடு ஒத்துவிட்டதா என்று சரிபார்த்துவிட்டு, பிறகே எழுதும் வழியைத் திறக்கிறார்கள்.

2016-ல் முதல் முறை செய்தபோது எழுத்து நின்ற நேரம் சுமார் 45 நிமிடம். 2018-ல் ஏழரை நிமிடமாகக் குறைந்தது. 2020-ல் மூன்று நிமிடத்துக்குள் வந்தது. 2021 ஜூனில் இரண்டு நிமிடத்துக்கும் கீழே. இவ்வளவு திறமை இருந்தும் அவர்கள் பூஜ்யம் என்று சொல்லவில்லை என்பதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். அந்த இரண்டு நிமிடத்தை ஒழித்துக்கட்டியே தீர வேண்டும் என்றும் அவர்கள் வெறிகொள்ளவில்லை. எழுத்தை நிறுத்தாமல் மாறினால் யாரோ ஒருவரின் திருத்தம் காணாமல் போகலாம். தன்னார்வத்தில் எழுதுகிறவரின் ஒரு வரி தொலைவதைவிட, எல்லோரும் இரண்டு நிமிடம் காத்திருப்பது மேல் என்று தீர்மானித்திருக்கிறார்கள். சரியான தீர்மானம். அந்த நேரம் 45-லிருந்து 2-க்கு வந்ததற்குப் பழக்கமும் பெரிய காரணம். ஒவ்வொரு முறையும் கையால் செய்த படிகளை அடுத்த முறைக்கு ஸ்கிரிப்ட்டாக எழுதிவைத்தார்கள்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழலாம். விக்கிப்பீடியாவில் தொகுப்பு நின்றால் யாருக்கும் பண நஷ்டமில்லை, பணம் புழங்கும் இடத்தில் இது செல்லுமா? 2024 ஜூலை 13-ஐ எடுத்துக்கொள்வோம். எச்டிஎஃப்சி வங்கி தன் மையக் கணக்கு முறையைப் புதிய தளத்துக்கு மாற்றியது. 9 கோடிக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள். இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. விடியற்காலை 3 மணி முதல் மாலை 4.30 வரை பதின்மூன்றரை மணி நேரம் என்று முன்பே அறிவித்தார்கள். யுபிஐ எந்தெந்த நேரத்தில் வேலை செய்யாது என்பதையும் தனியாகச் சொன்னார்கள்: 3 முதல் 3.45 வரை, பிறகு காலை 9.30 முதல் 12.45 வரை. இதே வங்கியில் 2020 நவம்பரில் டேட்டா சென்டர் கோளாறால் சேவை சொல்லாமல் நின்றபோது, ரிசர்வ் வங்கி அடுத்த மாதமே புதிய டிஜிட்டல் திட்டங்களுக்கும் புதிய கிரெடிட் கார்டுகளுக்கும் தடை போட்டது. அந்தத் தடை முழுதாக நீங்க 2022 மார்ச் ஆனது. சொல்லிவிட்டு நிறுத்துவதற்கும் சொல்லாமல் நிற்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை அந்த வங்கியின் இரு அனுபவங்களும் காட்டுகின்றன.

பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பராமரிப்புக்காகக் காலை 9 மணி முதல் மின்சாரம் இருக்காது என்று வாரியம் முதல் நாள் அறிவித்தால் யாரும் பதறுவதில்லை, வேலையை அடுத்த ஷிப்ட்டுக்குத் தள்ளிவிடுவார்கள். பாதி ஜாப் ஓடும்போது டிரிப் ஆனால்தான் டூலும் உடையும், பீஸும் ரிஜெக்ட் ஆகும்.

ஆனால் அறிவித்து நிறுத்துவது மட்டுமே போதும் என்றும் சொல்ல முடியாது. வருமான வரித் துறை 2021-ல் ஜூன் 1 முதல் 6 வரை பழைய இணையதளத்தை மூடி, 7-ஆம் தேதி புதியதைத் திறந்தது. ஆறு நாள், முறையான அறிவிப்போடு. திறந்த பிறகு மாதக்கணக்கில் கோளாறு. ஆகஸ்ட் 21, 22 தேதிகளில் தளம் கிடைக்கவே இல்லை. 23-ஆம் தேதி அதை உருவாக்கிய இன்ஃபோசிஸின் தலைமை நிர்வாகியை நிதியமைச்சர் அழைத்து விளக்கம் கேட்டார். செப்டம்பர் 30 என்றிருந்த தாக்கல் கெடு டிசம்பர் 31 வரை நீண்டது. பிரிட்டனில் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஒரே வாரக்கடைசியில் சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய முறைக்கு மாற்றியது. பல லட்சம் பேர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் 4.86 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. இவை வெறும் சர்வர் மாற்றம் அல்ல, மென்பொருளே புதிது என்பது உண்மை. இருந்தாலும் நம் கேள்விக்கு ஒரு விடை இவற்றில் உண்டு. இரண்டிலும் புதியது சறுக்கியபோது மறுநாளே பழையதற்குத் திரும்ப வழியில்லை. எத்தனை நேரம் நின்றது என்பதைவிட, திரும்பிப் போக வழி இருந்ததா என்பதுதான் பெரிய கேள்வி.

மண்ணூர்பேட்டைப் பட்டறைக்கு உண்மையான ஆபத்து எங்கே என்று கேட்டால், தளத்தில் இல்லை, மெயிலில் என்பேன். ஹோஸ்டிங் ஒப்பீடுகளில் இதற்கு உரிய இடம் கிடைப்பதே இல்லை என்பது என் பெரிய குறை. டிராயிங், கொட்டேஷன், பர்சேஸ் ஆர்டர் எல்லாம் மெயிலில் வருகின்றன. ஒருநாள் இணையதளம் திறக்காவிட்டால் ஒன்றிரண்டு பேர் திரும்பிப் போவார்கள். ஒரு பர்சேஸ் ஆர்டர் வராமல் போனால் மாத வருமானமே ஆட்டம் காணும்.

மெயில் சர்வர் முழுதாக நின்றுபோனாலும் மெயில் தொலையாது. மெயில் பரிமாற்றத்துக்காக 2008-ல் வெளியான எஸ்எம்டிபி விதிமுறையின்படி, எதிர்ப்பக்கம் பதில் இல்லையென்றால் அனுப்பும் சர்வர் மெயிலை வரிசையில் வைத்து, கைவிடும் முன் குறைந்தது நான்கைந்து நாள் திரும்பத் திரும்ப முயல வேண்டும். மாறாக, புதிய சர்வர் உயிரோடு இருந்து, அதில் உங்கள் மெயில் பெட்டி இன்னும் உருவாக்கப்படாமல் இருந்தால், அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று உடனே 550 என்ற பதிலைக் கொடுத்துவிடும். அது நிரந்தர மறுப்பு, அனுப்பியவரின் சர்வர் மறுபடி முயலாது. செத்த சர்வரைவிடத் தப்பாகப் பதில் சொல்லும் சர்வர் ஆபத்தானது.

இன்னொரு விபத்து இதைவிட மோசம். பட்டறையின் மெயில் கூகுளில் இருக்கிறது, தளம் மட்டும் புதிய ஹோஸ்டிங்குக்குப் போகிறது. அந்த சர்வரின் கன்ட்ரோல் பேனலில் மெயில் வழி ‘லோக்கல்’ என்று இருந்தால், என்கொயரி படிவத்தை யாராவது நிரப்பியதும் சர்வர் அந்த மெயிலை வெளியே அனுப்பாது. இந்த டொமைன் என்னுடையது என்று எண்ணித் தனக்குள்ளேயே ஒரு பெட்டியில் போட்டுக்கொள்ளும். படிவத்தை நிரப்பியவர் திரையில் நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம் என்று வரும். உரிமையாளருக்கு எதுவும் வராது. தளம் திறக்கிறது, வேகமாக இருக்கிறது, பிழைச் செய்தி எங்கும் இல்லை. மூன்று வாரம் கழித்து, ஏன் சார் கொட்டேஷனே அனுப்பவில்லை என்று யாராவது போனில் கேட்டால்தான் விஷயம் தெரியும். ‘ரிமோட்’ என்று ஓர் அமைப்பை மாற்றினால் போதும். அதை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் தளம் நிற்கவில்லை.

தமிழில் நடத்தும் தளங்களுக்குத் தனியாக ஓர் ஆபத்து. தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் தேவை. பழைய வேர்ட்பிரஸ் தளங்கள் பலவற்றில் டேட்டாபேஸ் தன்னை லத்தீன் என்று சொல்லிக்கொண்டே உள்ளே தமிழைச் சேமித்திருக்கும். இரு பக்கமும் அதே தவறு இருந்தவரை எழுத்து சரியாகத் தெரிந்தது. புதிய சர்வருக்குக் கொண்டுபோகும்போது இடையில் ஒரு முறை மாற்றம் நடந்தால், கட்டுரை முழுதும் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிற்றெழுத்து ஒன்றும், வட்டத்துக்குள் இருக்கும் வணிகப் பதிவுக் குறியும் மாறி மாறி நிற்கும். ஆங்கிலப் பகுதி அப்படியே இருப்பதால் தமிழ் படிக்கத் தெரியாத சப்போர்ட் ஊழியர் எல்லாம் சரி என்று டிக்கெட்டை மூடிவிடுவார். இலவசமாக மாற்றித் தருகிறோம் என்பதை நான் முழுதாக நம்பாததற்கு இதுவும் காரணம். அந்த வேலையைச் சரிபார்க்க அந்த மொழி தெரிந்த ஒரு கண் வேண்டும்.

கிளவுட்ஃபிளேர் போன்ற இடைநிலைச் சேவை ஒன்றைத் தளத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டால் இவ்வளவு கவலை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நல்ல வழிதான். வெளியுலகுக்குத் தெரியும் முகவரி மாறாது, பின்னால் இருக்கும் சர்வரைச் சில நொடிகளில் மாற்றிவிடலாம், பழைய கெடுவைக் காத்திருந்து தீர்க்க வேண்டியதில்லை. ஆனால் 2025 நவம்பர் 18 அன்று அந்த நிறுவனமே தடுமாறியபோது, சொந்த சர்வர் நலமாக இருந்த தளங்களும் இந்திய நேரப்படி மாலை முழுதும் திணறின. எப்போதோ ஒருநாள் செய்யும் மாற்றத்துக்காக அன்றாடம் ஒருவரை நம்பியிருக்கும் ஏற்பாடு பட்டறைத் தளத்துக்கு அதிகப்படி. தினமும் ஆர்டர் எடுக்கும் தளம் என்றால், வேறு பயன்களும் இருப்பதால், வைத்துக்கொள்வது நல்லது.

என் தீர்ப்பு இதுதான். படித்துவிட்டுப் போகும் தளத்துக்கு நிற்காத மாற்றத்தைக் கறாராகக் கேட்க வேண்டும். அது எளிது, செலவில்லாதது, செய்யாமல் விடுவது சோம்பல். ஆர்டரும் முன்பதிவும் வாங்கும் தளத்துக்கு அதைக் கேட்கவே கூடாது. ஞாயிறு இரவு அரைமணி நேரம் எழுதும் வழியை மூடுங்கள் என்று கேட்க வேண்டும். மூடியிருக்கும்போது வெறும் வெள்ளைப் பக்கமோ, இந்தப் பக்கம் இல்லை என்ற 404-ஓ வரக்கூடாது. தற்காலிகம் என்று சொல்லும் 503 வந்தால் கூகுளும் புரிந்துகொண்டு பிறகு வரும். முகவரி மாறியதும் பழைய சர்வரைச் சும்மா விடாமல், தனக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் புதியதற்குத் திருப்பிவிடும்படி அமைத்தால், வழி தெரியாமல் வருகிறவரின் ஆர்டரும் சரியான டேட்டாபேஸிலேயே விழும். இந்த ஒரு படியைச் செய்யத் தெரிந்தவரா என்று கேட்டுப் பார்ப்பதே நல்ல ஆளைத் தேர்ந்தெடுக்கும் வழி. மருத்துவமனை, பணப் பரிமாற்றம் போல ஒரு நிமிடமும் நிற்கக்கூடாதவர்கள் இரு பக்கமும் டேட்டாபேஸைத் தொடர்ந்து ஒத்துவைத்து, பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டு மாற வேண்டும். அந்தச் செலவுக்குப் பொருள் உள்ளவர்கள் அவர்கள் மட்டுமே.

மெயிலையும் தளத்தையும் ஒரே நாளில் மாற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் பொருந்தும். பழைய கணக்கை ஒரு மாதமாவது பணம் கட்டி வைத்திருக்க வேண்டும். பலருக்கு அது சில நூறு ரூபாய், அதில் கஞ்சத்தனம் பார்த்தால் திரும்பிப் போகும் வழி அடைபடும். புதிய இடத்தில் மாதக் கடைசிப் பில்கள் ஒரு சுற்று போய்வந்து, என்கொயரி படிவத்திலிருந்து ஒரு மெயிலாவது கைக்கு வந்து சேர்ந்த பிறகே பழையதை மூடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முந்திய ஒரு வேலை இருக்கிறது. முதன்முதலில் தளம் செய்து கொடுத்தவர் டொமைனைத் தன் பெயரிலும் தன் மெயிலிலும் பதிந்துவைத்திருப்பது சிறுதொழில்களில் சாதாரணமாக நடக்கிறது. அவர் வேலையை விட்டுப் போயிருப்பார், போன் நம்பரும் மாறியிருக்கும். டிஎன்எஸ்ஸில் ஒரு வரியைத் திருத்தக்கூட அவரைத் தேடிப் போக வேண்டும். டொமைன் பதிவில் உரிமையாளர் பெயரும் மெயிலும் பட்டறையுடையதாக இருக்கிறதா, பாஸ்வேர்டு கைவசம் இருக்கிறதா என்று, ஹோஸ்டிங் மாற்றும் பேச்சை எடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.